சொல்லெல்லையில் பிறந்த நகை: ரோனி பார்க்கரின் கலைவாழ்வு

1976ஆம் ஆண்டு, பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியில் ஒரு குறுநாடகம் ஒளிபரப்பாயிற்று. இரும்புச் சாமான் கடை ஒன்றிற்கு வாடிக்கையாளர் ஒருவர் வருகிறார். கையில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார். அதைப் பார்த்து அவர் ஒரு பொருளைக் கேட்க, கடைக்காரர் நான்கு மெழுகுவத்திகளை எடுத்துவந்து வைக்கிறார். வந்தவர் மறுக்கிறார். அவர் கேட்டது மண் கிளறும் முள்கரண்டிக்கான கைப்பிடிகளை. ஆங்கிலத்தில் முன்னது ‘ஃபோர் கேண்டில்ஸ்’. பின்னது ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’. இப்படியே ஒவ்வொரு பொருளுக்கும் கேட்பு ஒன்றாகவும் கொணர்வு வேறாகவும் போக, கடைக்காரரின் பொறுமை மெல்ல மெல்லக் கரைகிறது.

வாடிக்கையாளராக நடித்தவர் ரோனி பார்க்கர்; கடைக்காரராக நடித்தவர் ரோனி கார்பெட். எழுதியவர் ஜெரால்ட் வைலி என்பவர். அந்த வைலி யார் என்பதைப் பின்னர்க் காண்போம்.

வங்கியிலிருந்து மேடைக்கு

பார்க்கர் 1929ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பிறந்து ஆக்ஸ்ஃபோர்டில் வளர்ந்தார். கட்டடக் கலை பயிலத் தொடங்கிச் சில மாதங்களிலேயே கைவிட்டார். பின்னர் வங்கியில் எழுத்தராகப் பணிபுரிந்துகொண்டே பயில்முறை நாடகங்களில் நடித்தார். 1948இல் எய்ல்ஸ்பரி நகரில் தொழில்முறை நடிகரானார்.

அக்காலத்து ஊர் நாடகக் குழுக்கள் அடிக்கடி நாடகங்களை மாற்றிக்கொண்டே இருக்கும். இளம் நடிகர் குறுகிய இடைவெளியில் முதியவராகவும் காவலராகவும் பணியாளராகவும் உருமாற வேண்டும். ஒவ்வோர் உருவுக்கும் ஒரு பேச்சுமுறை வேண்டும். பின்னர் ‘தி நேவி லார்க்’ என்னும் பி.பி.சி. வானொலி நாடகத்தில் பல்லாண்டுகள் பங்கேற்றார். அங்கே உடையும் ஒப்பனையும் உதவா. குரல் ஒன்றே முதல். பிறர் பேசுவதைக் கூர்ந்து கேட்கும் பழக்கம் இவ்விரு களங்களிலும் அவரிடம் வேரூன்றியது எனலாம்.

ஓரொலி, இருபொருள்

இனி அந்த மெழுகுவத்திக் காட்சிக்கு வருவோம். எழுத்தில் இவ்விரு தொடர்களும் எளிதில் வேறுபடும். பேச்சில் வேறுபாடு எங்கே மறைகிறது? இங்கிலாந்தின் பல பகுதிகளில் பொதுமக்கள் பேச்சில் சொல்முதல் ‘ஹ’கர ஒலி வீழ்ந்துவிடும். ‘ஹேண்டில்ஸ்’ என்பது ‘ஏண்டில்ஸ்’ ஆகும். அதன்முன் ‘ஃபோர்க்’ வந்து சேர்ந்தால், இறுதிக் ககரம் அடுத்த உயிரோடு ஒட்டிக்கொள்ளும். இப்போது ககரம் முதற்சொல்லின் ஈறா, இரண்டாம் சொல்லின் முதலா? காதுக்குத் தெரியாது. ஒலித்தொடர் ஒன்று, அதனை வெட்டும் இடம் மட்டுமே இரண்டு.

நம் இலக்கண மரபு இதனை நன்கறியும். ‘பலகை’ என்பதை ஒரு சொல்லாகக் கொள்ளின் மரப்பலகை. பிரித்துக் கொள்ளின் பல கைகள். இத்தகைய பிரிப்பினால் பொருள் வேறுபடுவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும், பிரிக்காமலே இருபொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும் அணியிலக்கணம் வகுத்துள்ளது. பார்க்கரின் காட்சியில் இரண்டும் உண்டு. கைப்பிடி பிரிமொழி வகை. வாடிக்கையாளர் கேட்கும் ‘பீஸ்’, பட்டாணியாகவும் ‘பி’ என்னும் எழுத்தின் பன்மையாகவும் மயங்குவது செம்மொழி வகைக்கு ஒப்பானது.

இக்காட்சியில் நான் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. இருவருள் எவரும் அறிவிலர் அல்லர். கேட்டவர் தம் ஊர் வழக்கில் சரியாகவே கேட்டார். கடைக்காரரும் காதில் விழுந்ததைச் சரியாகவே எடுத்துத் தந்தார். மயக்கம் மொழியின் இயல்பில் இருக்கிறது. பட்டியலைத் தொடக்கத்திலேயே நீட்டியிருந்தால் காட்சியே இல்லை. எழுத்து தீர்த்துவைக்கும் சிக்கலைப் பேச்சு எப்படி விளைவிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிந்த பாடத்தை நான் கண்டதில்லை.

ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில் மொழியியல் வகுப்பொன்றில் இக்காட்சியைத் திரையிட்டேன். மாணவருள் பெரும்பாலோர் சிரிக்கவில்லை. ஆங்கிலத்தைப் புத்தகத்தின் வழிக் கற்ற அவர்கள் ‘ஹ’கரத்தைத் தவறாது ஒலிப்பவர்கள். அவர்கள் செவிக்கு இரு தொடர்களும் தொடக்கம் முதலே வேறு. ‘ஹ’கர வீழ்ச்சியை விளக்கி மீண்டும் திரையிட்டபோது வகுப்பு சிரித்தது. பள்ளி ஆசிரியர் பிழையென்று திருத்தும் ஒலிப்புத்தான் அந்த நகைச்சுவைக்கு முதற்பொருள் என்பதை அன்று அவர்கள் உணர்ந்தார்கள். நானும் உணர்ந்தேன்.

மறைந்து நின்ற எழுத்தாளர்

இப்போது வைலிக்கு வருவோம். 1960களின் இறுதியில் டேவிட் ஃப்ராஸ்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு ஜெரால்ட் வைலி என்ற பெயரில் குறுநாடகங்கள் வரத் தொடங்கின. அவை பார்க்கரின் முகவர் வழியாக வந்தன. தரமாக இருந்தமையால் ஏற்கப்பட்டன. எழுதியவரை எவரும் கண்டதில்லை. நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கலாம் என்றுகூடச் சிலர் ஊகித்தனர். முடிவில் ஒரு சீன உணவகத்தில் குழுவினர் விருந்துக்குக் கூடினர். வைலி வருவார் என்று அனைவரும் காத்திருக்க, பார்க்கர் எழுந்து தாமே அவர் என்று அறிவித்தார்.

இது வெறும் விளையாட்டன்று. நட்சத்திர நடிகர் எழுதியது என்பதற்காகத் தம் எழுத்து ஏற்கப்படுவதை அவர் விரும்பவில்லை; சொல் தன் தகுதியால் நிற்கிறதா என்று அறிய விரும்பினார். இன்னொன்றும் இதனோடு பொருந்துகிறது. பார்க்கர் தாமாக நின்று அவையோரிடம் பேசக் கூசுபவர். ‘தி டூ ரோனீஸ்’ நிகழ்ச்சியில் நாற்காலியில் அமர்ந்து தம் பெயரிலேயே கதை சொன்னவர் கார்பெட். பார்க்கர் ஏதேனும் ஒரு வேடத்திற்குள் இருந்தே பேசினார்.

சிறைக் கைதியும் கடை முதலாளியும்

அவர் நடித்த இரு தொடர்கள் இன்றும் நினைக்கப்படுகின்றன. டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரெனே இருவரும் எழுதிய ‘போரிட்ஜ்’ 1974 முதல் 1977 வரை ஒளிபரப்பாயிற்று. அதில் அவர் ஃப்ளெட்சர் என்னும் சிறைக்கைதி. கைதிகளின் உண்மையான வசைச்சொற்களைத் தொலைக்காட்சியில் ஒலிக்க இயலாது. வசையில்லாத சிறையோ நம்பத்தக்கதன்று. எனவே ‘நாஃப்’ போன்ற வழக்கருகிய கொச்சைச் சொற்களை ஆசிரியர்கள் கையாண்டனர். தொடரின் செல்வாக்கால் அச்சொல் நாடெங்கும் பரவியது.

ராய் கிளார்க் எழுதிய ‘ஓப்பன் ஆல் அவர்ஸ்’ தொடரில் அவர் ஆர்க்ரைட் என்னும் கஞ்ச மளிகைக்கடைக்காரர். ஆர்க்ரைட்டுக்குத் திக்குவாய். அதனைப் பாத்திரத்திற்குச் சேர்த்தவர் பார்க்கரே. இளமையில் உடன் நடித்த கிளென் மெல்வினிடம் அவர் கற்ற நுட்பம் அது. திக்குவாயை நகைப்பொருளாக்குவது தகுமா என்று இன்று கேட்போம், கேட்கவும் வேண்டும். உடற்குறையை எள்ளும் நகை அதனுள் சிறிதும் இல்லை என்று நான் வாதிட மாட்டேன். ஆயினும் ஆர்க்ரைட் கேலிக்குரியவராக மட்டும் இல்லை. தொடரிலேயே சூழ்ச்சித்திறன் மிக்க பேச்சாளர் அவர்தாம். சொல் வரத் தாமதிக்கும் அந்த நொடிகளில் வாடிக்கையாளரும் பார்ப்பவரும் அவர் பிடியில் இருக்கின்றனர்.

நான்கு சுடர்கள்

1987இல், புகழ் குன்றாதபோதே, பார்க்கர் ஓய்வை அறிவித்தார். சிப்பிங் நார்ட்டன் என்னும் சிற்றூரில் மனைவியுடன் பழம்பொருள் கடை நடத்தினார். 2002இல் சர்ச்சிலைப் பற்றிய தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்றில் பணியாளராக நடித்தது போன்ற சில மறுவரவுகளே பின்னர் நேர்ந்தன. 2005ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் காலமானார்.

மறு ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் நினைவு வழிபாடு நடந்தது. ஊர்வலத்தில் வழக்கமாக இரண்டு மெழுகுவத்திகளே ஏந்திச் செல்லப்படும். அன்று நான்கு சென்றன. 2016இல் கார்பெட்டின் இறுதி வழிபாட்டிலும் நான்கு மெழுகுவத்திகள் இடம்பெற்றன.

அச்செயலுக்கு எவரும் உரை கூறத் தேவை இருக்கவில்லை. காதில் மட்டும் பிறந்த ஒரு மயக்கம் முப்பது ஆண்டுகளில் ஒரு மக்களின் பொது நினைவாகிவிட்டது. மொழியை வளர்க்கக் கூடியிருக்கும் நாம் இலக்கண நூல்களையும் அகராதிகளையும் காப்பது கடமை. கடைத்தெருவில் சொற்கள் எப்படித் தேய்ந்தும் ஒட்டியும் ஒலிக்கின்றன என்பதைச் செவிகொடுத்துக் கேட்பதும் அதே கடமையின் பகுதி. பார்க்கர் தம் வாழ்நாள் முழுதும் செய்தது அதுவே.