மீன்குஞ்சுகளுக்கு உயிர் உணவு

நெசவுக்குப் பெயர் பெற்ற உறையூரிலும், காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கத்திலும் துணைத்தொழில் நாடுவோர் பலர். வண்ணமீன் வளர்ப்பு அதற்கு ஏற்றதாகும். சென்னைக் கொளத்தூரில் இத்தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும் குஞ்சுகள் முதல் இரு வாரங்களிலேயே மடியுமாயின், இட்ட முதலும் உழைப்பும் வீணாகும். இவ்விழப்புக்கு உணவுக் குறையே பெரும்பாலும் காரணம். அவித்த முட்டைக்கரு மிஞ்சினால் நீரைக் கெடுக்கும். குளத்தில் வாரிய பூச்சிகளோடு நோயும் வரக்கூடும்.

இதற்குத் தக்க மாற்று ஆர்ட்டீமியா என்னும் சிறு உவர்நீர் இறால். இது தூத்துக்குடி உப்பளங்களிலும் காணப்படுகிறது. இதன் உலர்ந்த முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, உப்புநீரில் இட்டதும் உயிர்பெறும். மீன்குஞ்சுகளுக்கு இது சிறந்த உணவென்பதை அமெரிக்கரான ஆல்வின் சீல் 1933-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

பொரிக்கும் முறை எளிது. ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் கல்லுப்பைக் கரைத்து, 2 கிராம் முட்டையை இடுக. குழாய்நீராயின் குளோரின் நீங்க முன்னரே திறந்து வைத்திருத்தல் நலம். காற்றுக்குழாயால் இடைவிடாது கலக்கி, விளக்கொளி படுமாறு வைக்க வேண்டும். நீரின் வெப்பம் 28 பாகை அளவில் இருப்பின் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் பொரிக்கும். சித்திரை வெயிலில் பாத்திரம் நிழலில் இருத்தல் அவசியம்.

பொரித்தபின் காற்றை நிறுத்தினால் வெற்றோடுகள் மேலே மிதக்கும். பொரியாதவை அடியில் படியும். இளம் இறால்கள் ஒளியை நோக்கித் திரளும். அவற்றை மட்டும் சிறு குழாயால் இழுத்து, நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் வடித்து, நன்னீரில் அலசி இடுக. ஓடு கலந்தால் குஞ்சின் குடலை அடைக்கக்கூடும்.

இரண்டு எச்சரிக்கைகள் உள. இளம் இறாலின் உடலிலுள்ள கருவுணவு விரைந்து கரைவதால், பொரித்த சில மணி நேரத்திற்குள் ஊட்டுதல் வேண்டும். நன்னீரில் அவை சில மணி நேரமே உயிர்வாழும். மிஞ்சி இறந்தவை நீரைக் கெடுக்கும். ஆகவே சிறிது சிறிதாகப் பன்முறை இடுவதே முறை. கப்பி, மோலிக் குஞ்சுகள் பிறந்த நாளிலேயே இதனை உண்ணும்; கௌராமிக் குஞ்சுகளுக்கு முதற் சில நாட்கள் இன்னும் நுண்ணிய உணவு தேவை.

இம்முட்டையின் விலை அதிகம். டப்பாவைத் திறந்தபின் ஈரம் ஏறினால் பொரிக்கும் திறனும் குன்றும். தனி வீட்டார் ஒருவர் ஒரு டப்பாவை முடிப்பதற்குள் பாதி பழுதாகலாம். எனவே சில குடும்பத்தினர் கூட்டாக வாங்கி, நாள்தோறும் ஓரிடத்தில் பொரித்து, காலையில் பங்கிட்டுக்கொள்வதே சிக்கனம். உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தில் இதனை ஆராய்வார்களாக.