ஆல் பாஸுக்கு முன்னால்

நகர்மன்றக் கூட்டம் முடிந்த மறுநாள் பத்திரிகையில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குடிநீர் வரவில்லை என்று ஒரு கவுன்சிலர் காலிக் குடத்தோடு வந்தார், எதிர்க்கட்சியினர் வெளிநடப்பு செய்தனர், சேர்மன் சமாதானம் சொன்னார். கடைசியாக ஒரு வரி: "பின்னர் அனைத்துத் தீர்மானங்களும் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டன." குடத்துக்குப் படம் போட்டுவிட்டார்கள். நிறைவேறிய தீர்மானங்கள் என்னென்ன, அதில் உங்கள் தெருவின் பெயர் இருந்ததா, எத்தனை லட்சம் கைமாறியது என்பது யாருக்கும் தெரியாது. வாக்களித்த கவுன்சிலர்களிலேயே பாதிப் பேருக்குத் தெரியாது என்று சொன்னாலும் மிகையில்லை.

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியைப் பற்றியது.

நகராட்சி அலுவலகத்துக்குள் பொது, கணக்கு, வருவாய், பொறியியல், பொது சுகாதாரம், நகரமைப்பு என்று பிரிவுகள் உண்டு. ஒவ்வொரு பிரிவும் அந்த மாதம் தனக்கு மன்றத்தின் ஒப்புதல் தேவைப்படும் விஷயங்களைக் குறிப்பாக எழுதி அனுப்பும். எல்லாவற்றையும் தொகுத்து, வரிசை எண் போட்டு, கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்னதாக உறுப்பினர்களுக்கு அனுப்புவதுதான் பொருள் நிரல். கவுன்சிலர்கள் வாயில் அஜெண்டா. ஒவ்வொரு பொருளின் கீழும் அலுவலகக் குறிப்பு இருக்கும். கூட்ட அரங்கில் உதவியாளர் பொருள் எண்ணை வாசிப்பார், யாராவது "ஆல் பாஸ்" என்பார், மேஜை தட்டப்படும். ஐம்பது அறுபது பொருள்கள் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அஜெண்டாவைப் படிக்கத் தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. பொருளின் கடைசி வரியை முதலில் பாருங்கள். "மன்றத்தின் அனுமதிக்கு" என்று முடிந்தால், வேலை இனிமேல்தான் நடக்க வேண்டும். கேள்வி கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. "மன்றத்தின் பார்வைக்கு" என்றால் தகவல் சொல்கிறார்கள். "தலைவரின் முன் அனுமதி பெற்று மேற்கொள்ளப்பட்ட பணிக்கு மன்றத்தின் அங்கீகாரம் வேண்டி" என்று வந்தால், வேலை முடிந்துவிட்டது. பணம் கொடுத்தாகிவிட்டது அல்லது கொடுக்கப்போகிறார்கள். மன்றம் தலையாட்ட வேண்டியதுதான் பாக்கி.

இந்த மூன்றாவது வகையைத் தவறு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆழ்துளைக் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அடுத்த மாதக் கூட்டம் வரை ஊர் தாகத்தோடு காத்திருக்குமா? மழை வெள்ளத்தில் பிளீச்சிங் பவுடர் வாங்க டெண்டர் விட்டுக்கொண்டிருக்க முடியுமா? அவசரத்துக்கு வைத்த வழி அது. அது வழக்கமாகிப்போவதில்தான் சிக்கல். ஒரே மோட்டார் வருடத்தில் நான்கு முறை பழுதாகிறதா, ஒரே கடையிலிருந்தே உதிரிபாகம் வருகிறதா, ஒரே தெருவின் கால்வாய்ப் பணி மூன்று சிறு மதிப்பீடுகளாக வெட்டப்பட்டு வருகிறதா என்று பாருங்கள். ஒரு மாத அஜெண்டாவில் இது தெரியாது. பன்னிரண்டு மாத அஜெண்டாவையும் அடுக்கி வைத்தால் பளிச்சென்று தெரியும். கூட்டம் நடக்கும்போதே கையில் கொடுக்கப்படும் கூடுதல் பொருள்களையும் விட்டுவிடாதீர்கள். முன்கூட்டியே யாரும் படித்திருக்க முடியாத பொருள்கள் அவை.

இனி சாலைக்கு வருவோம். ஒரு தெருவுக்கு சிமென்ட் சாலை போடுகிறார்கள். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 சென்டிமீட்டர் என்று மதிப்பீடு. கணக்குப் போட்டால் 45 கன மீட்டர் கான்கிரீட். நீளத்தையும் அகலத்தையும் யாரும் திருட மாட்டார்கள், டேப் வைத்தால் மாட்டிக்கொள்வார்கள். கனம் மண்ணுக்குள் மறைந்துவிடும். 15-க்குப் பதில் 10 சென்டிமீட்டர் போட்டால் 30 கன மீட்டரில் வேலை முடிந்துவிடும். மீதி 15 கன மீட்டருக்கான பணம் போடாத கான்கிரீட்டுக்குப் போகிறது. சாலை போட்ட புதிதில், பக்கவாட்டில் மண் அணைப்பதற்கு முன், அதன் விளிம்பு வெளியே தெரியும். அந்த இரண்டு மூன்று நாட்களில் ஓர் அளவுகோலை நிறுத்தி வைத்து நாலைந்து இடங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் படத்தில் தேதியும் பதிவாகிவிடும்.

பிறகு கேட்க வேண்டிய ஆவணம் எம் புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகம். பொறியாளர் நேரில் அளந்து எழுதிக் கையெழுத்திடும் புத்தகம் இது. ஒப்பந்ததாரரின் பில் இதை வைத்துத்தான் பாஸாகிறது. உங்கள் படத்தில் 10 சென்டிமீட்டரும் எம் புக்கில் 15-ம் இருந்தால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. தார்ச் சாலையானால் இன்னொன்றும் பாருங்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும், சாலை மட்டம் வீட்டு வாசலைவிட உயரக் கூடாது என்று 2021-ல் தமிழகத் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். சுரண்டும் வேலைக்கு மதிப்பீட்டில் தனித் தொகை போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் சுரண்டினார்களா என்பது தெருவில் குடியிருப்பவருக்குத் தெரியாமலா போகும்? மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகு கேட்பதைவிட இயந்திரம் வந்து நிற்கும்போதே கேட்பது நல்லது.

எல்லாப் பொருளும் இப்படி லட்சக் கணக்கு அல்ல. பேருந்து நிலைய இருசக்கர வாகன நிறுத்துமிடம், கட்டணக் கழிப்பிடம், வாரச்சந்தை வசூல் ஆகியவற்றின் குத்தகை ஏலமும் மன்றத்துக்கு வரும். குத்தகைதாரர் என்ன கட்டணம் வசூலிக்கலாம் என்பதும் அந்தக் கோப்பில் நிர்ணயிக்கப்பட்டிருக்கும். கட்டணக் கழிப்பிடத்தில் சில்லறை இல்லை என்று கூடுதலாகப் பிடுங்குபவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. தீர்மானத்தின் நகலை வாங்கி, விகிதத்தைப் பெரிதாக எழுதி வைக்கச் சொல்லி ஆணையாளருக்கு மனு கொடுங்கள். சந்தையில் கீரை விற்கும் அம்மாவுக்கு அந்தக் கூடுதல் காசு பெரிய பணம்.

நகரமைப்புப் பிரிவின் பொருள்களில் ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெரிய மனைப்பிரிவு போடும்போது சாலைகளையும், பூங்காவுக்கு என ஒதுக்கிய இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு தீர்மானம் வரும். இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பூங்கா இடத்தில் யாரோ வேலி போடும்போது குடியிருப்போருக்குக் கைகொடுப்பது அந்தத் தீர்மானத்தின் எண்ணும் தேதியும், அங்கீகரிக்கப்பட்ட வரைபடமும்தான். மனை வாங்கியவர்கள் தங்கள் பத்திரத்தோடு இவற்றின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சொத்துவரி ரசீதை மட்டும் நம்பி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது வரி கட்டியதற்கு அத்தாட்சி, சொத்து உங்களுடையது என்பதற்கு அல்ல.

கணக்குப் பிரிவின் வரவு செலவு அறிக்கை பார்க்கவே அலுப்புத் தட்டும். வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று தனித்தனிக் கணக்குகள். குடிநீருக்காக வாங்கிய பணம் வேறு எதற்கோ போகக் கூடாது என்பதற்குத்தான் இந்தப் பிரிவினை. சொத்துவரியோடு நீங்கள் கட்டும் நூலக வரி நகராட்சியின் பணமே அல்ல, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டியது. போயிற்றா என்று அறிக்கையில் ஒரு வரி தேடுங்கள். உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் புதிய புத்தகம் வருவதும் வராததும் அந்த வரியில் இருக்கிறது.

ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்களாக இருந்தவர்கள். அரசியலில் பேர் எடுக்க நினைப்பவர்கள் சாக்கடைக் கணக்கையும் குழாய்க் கணக்கையும் பார்த்துப் பழகிய காலம் அது. நம் காலத்தில் நடந்தது வேறு. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19-ல்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மன்றமே இல்லை. தனி அலுவலர் ஒருவர் கையெழுத்திட்டால் தீர்மானம். விவாதமும் இல்லை, வெளிநடப்பும் இல்லை. கடைசியில் தேர்தல் நடந்தது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்கு; அதுவரை நகரங்கள் அப்படித்தான் ஓடின. மன்றம் மீண்டும் வந்த பிறகும் படிக்காமல் பாஸ் செய்தால் தனி அலுவலர் காலத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இனி உரிமைகள். நகர்மன்றக் கூட்டம் ரகசியக் கூட்டம் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(b)-ன்படி, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் மன்றக் கூட்டங்களைப் பொதுமக்கள் பார்க்கலாமா, கூட்ட நடவடிக்கைக் குறிப்புகளைப் பெறலாமா என்பதைத் தானாகவே வெளியிட வேண்டும். யாரும் கேட்க வேண்டியதில்லை. பார்வையாளராக உட்கார விரும்பினால் முன்னதாக ஆணையாளருக்கு எழுதிக் கொடுங்கள். அனுமதி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உள்ளே போனால் பேசக் கூடாது, கவனிக்கலாம், குறிப்பு எடுக்கலாம். மக்கள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் ஆல் பாஸ் கொஞ்சம் மெதுவாகத்தான் வரும்.

பேசுவதற்கு வேறு இடம் இருக்கிறது. ஊராட்சிக்குக் கிராம சபை போல, நகரங்களில் வார்டு குழுவும் பகுதி சபையும் அமைக்க 2022-ல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று பகுதி சபைகள் கூட்டப்பட்டன. உங்கள் வார்டில் குழு இருக்கிறதா, உறுப்பினர்கள் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். பல ஊர்களில் இந்தக் கேள்வியே ஒரு வேலையைத் தொடங்கி வைக்கும்.

தகவல் மனு எழுதுவதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை?" என்று எழுதினால் பதில் வராது, விளக்கம் தர அலுவலருக்குக் கடமை இல்லை, கையில் உள்ள ஆவணத்தைத் தரத்தான் கடமை. ஆகவே ஆவணத்தைக் கேளுங்கள். இன்ன தேதியிட்ட தீர்மானத்தின் நகல், அதற்கான அலுவலகக் குறிப்பு, மதிப்பீடு, வேலை உத்தரவு, எம் புக் பக்கங்கள், பில் தொகை. கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. கோப்பை நேரில் பார்வையிடவும், வேலைக்குப் பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் அதே சட்டம் வழி வைத்திருக்கிறது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அல்லது திருப்தி இல்லாவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆணையத்தில் வழக்கு நகரப் பல மாதங்கள் ஆகும் என்பதும் உண்மை. அதனால் முதல் மனுவிலேயே கேள்வியைத் துல்லியமாக வையுங்கள்.

ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். சிறிய ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். காலையில் மனு போட்டால் மாலையில் ஒப்பந்ததாரரின் ஆள் டீக்கடையில் வந்து "என்ன அண்ணே, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்பார். அடுத்த முறை குரல் மாறும். தனி ஆளாகப் போகாதீர்கள்; குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில், நாலைந்து கையெழுத்தோடு கேளுங்கள். மிரட்டல் வந்தால் அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆதாரம் கைக்கு வரும் முன் பெயர் சொல்லி வாட்ஸ்அப்பில் பரப்பினால் அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். தகவல் மனுவைக் காட்டிக் காசு பறிக்கும் கூட்டமும் இருக்கத்தான் செய்கிறது. அவர்களால் நேர்மையாகக் கேட்பவருக்கும் கெட்ட பெயர்.

ஆவணத்தில் முரண்பாடு கிடைத்துவிட்டால் எங்கே போவது? முதலில் ஆணையாளருக்கு மனு. ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பி வரக் கூடாது. பிறகு திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள், முதல்வரின் முகவரி 1100. மன்ற உறுப்பினர்கள், அலுவலர்கள் மீதான முறைகேட்டுப் புகாருக்கு 2014 சட்டத்தின்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. ஆம்புட்ஸ்மேன் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். வெளிப்படையாக லஞ்சம் கேட்டால் அங்கெல்லாம் சுற்றாமல் நேரே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். பணம் போன கணக்கென்றால் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறைக்கு ஒரு நகல் அனுப்புங்கள். தணிக்கையில் ஆட்சேபணை எழுதப்பட்டுவிட்டால் பதில் சொல்லி முடிக்கும் வரை அந்தக் கோப்பு சம்பந்தப்பட்டவரை விடாது. ஓய்வு பெறும் நாளில்கூட வந்து நிற்கும். அலுவலகங்களில் இதற்கு இருக்கும் பயம் போராட்டத்துக்குக்கூட இல்லை.

உங்கள் வார்டு கவுன்சிலரிடம் அடுத்த கூட்டத்தின் அஜெண்டாவை ஒரு பிரதி கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அவர் எந்தப் பொருளில் உங்கள் தெருவுக்காகப் பேசப்போகிறார் என்றாவது கேளுங்கள். கூட்டத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். மேஜை தட்டிய பிறகு கேட்டால் எம் புக்கோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.