திரும்பி வந்தவர்கள் – 14: பெட்டியடிப் பையனும் ஒரு வங்கியும்

போன வாரம் உங்களை ஒக்கூர் இலங்கைத் தமிழர் முகாம் வாசலில் நிறுத்திவிட்டு ‘தொடரும்’ போட்டேன். அழகப்பா பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படிக்கும் மாணவி ஒருத்தி இன்டர்ன்ஷிப்புக்காக அங்கே வேலை தேடுகிறவர்களின் பட்டியல் எடுக்கிறாள், அவளோடு உள்ளே போவோம் என்றும் சொல்லியிருந்தேன். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். உள்ளே போகத்தான் போகிறோம். அதற்குள் இந்த வாரம் எனக்கு வேறொன்று மாட்டிக்கொண்டது.

ரெப்கோ.

இந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்காதவர் இருக்க முடியாது. என் சித்திகூட ரெப்கோ வங்கியில் வைப்பு வைத்திருக்கிறார். ஏதோ வடநாட்டுக் கம்பெனி, நம்மூரில் கடை போட்டிருக்கிறான் என்றே முப்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். பர்மாக்காரர்களைப் பற்றி வேறெதையோ தேடப்போய், பெயரைப் பிரித்துப் பார்த்தபோது உட்கார்ந்த இடத்திலேயே சிரித்துவிட்டேன். ரீபேட்ரியேட்ஸ் கோ-ஆப்பரேட்டிவ். அதாவது தாயகம் திரும்பியோர் கூட்டுறவு நிதி மற்றும் வளர்ச்சி வங்கி! பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து இறங்கியவர்கள் காலூன்றுவதற்காக 1969 நவம்பர் 19 அன்று தொடங்கப்பட்டது. பதினான்கு வாரமாக நான் யாரைத் தேடி அலைகிறேனோ அவர்களுடைய வங்கி, தியாகராய நகர் வடக்கு உஸ்மான் சாலையில் கோபுரம் கட்டி உட்கார்ந்திருக்கிறது. அந்த வழியாக எத்தனை முறை புடவைக்கடைப் பைகளைச் சுமந்து நடந்திருக்கிறேன்!

இன்னொரு விசேஷம். இந்த வங்கி இருப்பது மத்திய உள்துறை அமைச்சகத்தின் நிர்வாகத்தில். போலீசையும் எல்லையையும் குடியுரிமையையும் பார்க்கிற அமைச்சகம் ஒரு வங்கியையும் பார்த்துக்கொள்கிறது. தமிழ்நாடு, ஆந்திரம், கேரளம், கர்நாடகம் ஆகிய மாநில அரசுகளும் இதில் பங்குதாரர்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோரை இந்த மாநிலங்களில்தான் குடியமர்த்தினார்கள். 2000இல் இந்த வங்கி வீட்டுக்கடனுக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கியது. 2013இல் அது பங்குச் சந்தைக்கே போய்விட்டது. வீடு இழந்து வந்தவர்களுக்காகப் பிறந்த வங்கியின் பிள்ளை, மற்றவர்களுக்கு வீடு கட்டக் கடன் கொடுக்கிறது. இதைச் சித்தியிடம் சொன்னேன். “வட்டி ஒழுங்கா வருதுல்ல, அப்புறம் என்ன?” என்றார். செட்டிநாட்டில் பிறந்தவர், அப்படித்தான் கேட்பார்.

சரி, அந்த வங்கி ஏன் தேவைப்பட்டது? 1962 மார்ச்சில் ரங்கூனில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் வங்கிகள், மொத்த வியாபாரம், சில்லறைக் கடைகள் என வரிசையாக அரசுடைமை. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். (நமக்கு 2016இல் வந்த அனுபவம்தான், நமக்கு நாடாவது மிச்சம் இருந்தது.) நகையும் பணமும் எடுத்துப்போகக் கடும் கட்டுப்பாடு. கப்பலில் சென்னைத் துறைமுகம் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் நகரத்தார் (செட்டியார்கள்) இல்லை. செட்டியார்களில் பலர் 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகே கிளம்பிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், சிறு கடைக்காரர்கள், ஆலைத் தொழிலாளிகள். தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பேர் வந்தார்கள். காரைக்குடியில் டவுன் பஸ் ஏறி “பர்மா காலனி ஒண்ணு” என்று டிக்கெட் கேட்கிறோமே, அந்தப் பெயரில் இந்தக் கதை இருக்கிறது.

சிலருக்கு இந்த ஊர் பிடிக்கவே இல்லை. பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று மணிப்பூர் வரை போனவர்களை எல்லையில் மறித்தார்கள். திரும்பி வர மனமில்லாமல் மோரே என்ற எல்லை ஊரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் டாமு. 1942இல் ஜப்பானியருக்குப் பயந்து கால்நடையாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் இந்தியாவுக்குள் நுழைந்ததும் அந்த டாமு வழியாகத்தான். ஒரே பாதையில் ஒரு தலைமுறை ஓடி வந்தது, அடுத்தது திரும்பிப் போகப் பார்த்தது. மோரேவுக்குத் தனி அத்தியாயம் உண்டு. ஆசிரியர் பயணப்படி கொடுத்தால்.

இப்போது நம்ம ஊர் இன்டர்ன்ஷிப். நூறு வருடத்துக்கு முன்பே அது எங்கள் ஊர்ச் செட்டியார்களிடம் இருந்தது. பெட்டியடிப் பையன் என்று பெயர். மீசை முளைக்காத வயதில் கப்பலேற்றி விடுவார்கள். ரங்கூனிலோ மோல்மேனிலோ வட்டிக்கடைக் கிட்டங்கியில் ஒரு பாய், ஒரு கைப்பெட்டி. அதுதான் அவன் இடம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை, கடிதத்துக்கு நகல் எடுப்பது, வசூலுக்கு ஓடுவது. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு என்பது ஊரிலேயே தலையில் குட்டி ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே வட்டி போட அவனுக்குக் காகிதம் வேண்டாம். மாதாமாதம் கோயிலில் கூடி நடப்பு வட்டி முடிவாகும்போது ஓரத்தில் நின்று கேட்டுக்கொள்வான். மூன்று வருடம் ஒரு கணக்கு. பிறகு அடுத்தாள், அதற்கும் பிறகு மேலாள். எல்லாம் சம்பளச் சீட்டில் எழுதிக் கையெழுத்தாகியிருக்கும்.

அந்தப் பையனிடம் சான்றிதழ் ஒன்றும் கிடையாது. “இன்னார் வீட்டுப் பிள்ளை” என்று ஊரில் ஒருவர் கைகாட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை நம்பிக் கல்லாச் சாவியைக் கொடுத்தார்கள். இந்தக் கைகாட்டல் ஒரே சாதிக்குள் சுற்றியது என்பதையும், அந்தக் கல்லாவில் அடகு விழுந்தது பர்மிய விவசாயியின் நிலம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்து கடன்கள் முழுக, 1938இல் அது 25 சதவீதம். பின்னாளில் வந்த கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

1964இல் வந்தவர்களுக்குக் கைகாட்ட ஆளில்லை. இருபது முப்பது வருடம் வேலை பார்த்த ஊரில் அவர்களைத் தெரிந்தவர்கள் எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம். அரசாங்கமே கைகாட்டியது: கையில் ஓர் அட்டை, ஒரு கடன், சென்னைக் கடற்கரைச் சாலையில் பர்மா பஜாராக மாறிய நடைபாதைக் கடைகள், பிறகு ரெப்கோ. இலங்கையிலிருந்தும் வந்தார்கள். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்பதாயிற்று. அவர்களில் ஒரு பகுதியினருக்காக நீலகிரியில் அரசே தேயிலைத் தோட்டம் போட்டது. கொழுந்து பறிக்கத் தெரிந்தவருக்குக் கொழுந்து பறிக்கும் வேலை: கெட்டிக்கார யோசனை. ஆனால் இன்னும் பலருக்கு, ஆயுசு முழுக்க மலையில் கூடை சுமந்தவர்களுக்கு, வியாபாரக் கடன் கொடுத்துச் சமவெளியில் கடை வைக்கச் சொன்னார்கள். தராசைத் தொட்டே பார்க்காதவர் மளிகைக்கடை வைத்தால் எத்தனை மாதம் ஓடும்?

பக்கம் தீரப்போகிறது. ஒக்கூருக்கு இரண்டு பத்திதான் மிச்சம்.

1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்களும் மண்டபம் முகாம் வழியாகவே வந்தார்கள். இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களைத் தனிமைப்படுத்திச் சோதித்து அனுப்பிய அதே மண்டபம், 1964க்குப் பிறகு திரும்பியவர்களைப் பதிந்துகொண்ட அதே மண்டபம். ஆனால் இவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ ஆகவில்லை. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை, ஆகவே சட்டத்தில் அகதியும் ஆகவில்லை. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு இவர்களில் பலருக்குக் கிடைத்த பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. ரெப்கோவின் கதவு இவர்களுக்கானது இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 317 கோடியே 40 லட்சம் ரூபாய்த் திட்டம் அறிவித்தது. 7,469 வீடுகள், 5,000 பேருக்குத் திறன் பயிற்சி. முகாம் என்பது ‘மறுவாழ்வு முகாம்’ ஆயிற்று. நல்ல காரியங்கள்தாம். ஆனால் முகாம் ஆண்களுக்குத் திறமை எப்போது குறைந்தது? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் சுவரில் இருப்பது அவர்கள் அடித்த பெயின்ட். வெளியூரில் பெரிய வேலை வந்தால் போய் மாதக்கணக்கில் தங்க முடியாது, அதிகாரிகள் ஆள் சரிபார்க்கும் செக்கிங் நாளில் முகாமில் நிற்க வேண்டும், அதுதான் தடை.

மாணவியின் படிவத்தில் பதினேழு கட்டங்கள். வயது, படிப்பு, தெரிந்த தொழில், எத்தனை தூரம் போக முடியும், இப்படி. கடைசிக் கட்டம் ‘பரிந்துரைப்பவர்’. முதல் நாள் எடுத்த எல்லாப் படிவங்களிலும் அது மட்டும் காலி. நேற்று ராத்திரி, இந்தக் கட்டுரைக்காக ஆசிரியர் இரண்டாவது தடவை போன் செய்து முடித்த கையோடு, அவள் கூப்பிட்டாள்.

“சார், பெயின்ட் கான்ட்ராக்ட் எடுக்கிற ஒருத்தர்கிட்ட ரெண்டு பேருக்கு வேலை கேட்டேன். யாரு சொல்லி வந்தாங்கன்னு கேக்குறார்.”

“நீ என்னம்மா சொன்னே?”

“அந்தக் கட்டத்துல என் பேரையே எழுதிக் கொடுத்துட்டேன். தப்பா சார்?”

இன்னும் பதில் சொல்லவில்லை. ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஒக்கூர் போகிறோம்.

(தொடரும்)