கார்னிவல் கண்ணாடிக் கிண்ணம்

கார்னிவல் கண்ணாடி என்பது அச்சில் அழுத்தி வார்க்கப்பட்டு, சூடு ஆறுமுன் உலோக உப்புக் கரைசல் தெளிக்கப்படுவதால் வானவில் போன்ற பளபளப்பைப் பெறும் கண்ணாடி வகையாகும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவில் மலிவான வீட்டுப் பொருளாக விற்கப்பட்ட இது, இன்று தொன்மைப் பொருளாகச் சேகரிக்கப்படுகிறது. தட்டு, குவளை, பூச்சாடி எனப் பல வடிவங்களில் செய்யப்பட்டாலும், பரவலாகக் கிடைப்பவை கிண்ணங்களே.

வரலாறு

1890களில் லூயிஸ் கம்ஃபர்ட் டிஃபனி கையால் ஊதிச் செய்த வண்ண ஒளிர்வுக் கண்ணாடிகளைச் செல்வந்தர்களே வாங்க முடிந்தது. அதே தோற்றத்தை அச்சு வார்ப்பின் மூலம் மலிவாகத் தந்தவை கார்னிவல் கண்ணாடிகள். 1905இல் தொடங்கப்பட்ட ஃபென்டன் நிறுவனம், மேற்கு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்டவுனில் அமைத்த தொழிற்சாலையில் 1907-08 அளவில் இவற்றைத் தயாரிக்கத் தொடங்கியது. நார்த்வுட், இம்பீரியல், டூகன் முதலிய நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஒகையோ மாநிலத்தில் 1909இல் தொடங்கிய மில்லர்ஸ்பர்க் நிறுவனம் 1911இல் நொடித்துப்போனது. எனவே அதன் கிண்ணங்கள் குறைவாகவே கிடைக்கின்றன.

1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இதன் மவுசு குறைந்தது. எனினும் ஐரோப்பா, ஆத்திரேலியா, இந்தியாவின் பிரோசாபாத் ஆகிய இடங்களில் தயாரிப்பு தொடர்ந்தது. திருவிழாச் சந்தைகளில் பரிசாக வழங்கப்பட்டதால் 'கார்னிவல்' என்னும் பெயர் ஏற்பட்டது என்பர். இப்பெயர் தொடக்ககாலத் தயாரிப்பாளர்கள் இட்டதன்று. பிற்காலச் சேகரிப்பாளர்களால் வழக்கிற்கு வந்தது.

தயாரிப்பு முறை

உருகிய கண்ணாடி இரும்பு அச்சில் இடப்பட்டு, மேலிருந்து ஒரு தண்டினால் அழுத்தப்படும். கிண்ணத்தின் வெளிப்புற வேலைப்பாட்டை அச்சும் உட்புற வேலைப்பாட்டைத் தண்டும் தருகின்றன. பின்னர் தொழிலாளர்கள் விளிம்பைக் கையால் வளைத்து, அலை, மடிப்பு போன்ற வடிவங்களைக் கொடுப்பர். ஆகவே ஒரே அச்சில் பிறந்த இரு கிண்ணங்கள்கூட முற்றிலும் ஒத்திருப்பதில்லை.

தெளிக்கப்படும் இரும்பு அல்லது வெள்ளீயக் குளோரைடு, சூட்டினால் மெல்லிய ஆக்சைடு படலமாகப் படிகிறது. படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால் பல வண்ணங்கள் தோன்றுகின்றன. சோப்புக் குமிழியில் நிறங்கள் தெரிவதும் இதே காரணத்தாலேயே. கண்ணாடி மிகச் சூடாக இருக்கும்போது தெளித்தால் மங்கிய பட்டுப் போன்ற பரப்பும், சற்று ஆறியபின் தெளித்தால் கண்ணைப் பறிக்கும் பளபளப்பும் கிடைக்கும்.

அடிப்படை நிறம்

ஒரு கிண்ணத்தின் மதிப்பு பெரும்பாலும் மேற்பூச்சின் நிறத்தைவிடக் கண்ணாடியின் அடிப்படை நிறத்தையே சார்ந்துள்ளது. கிண்ணத்தை ஒளிக்கு எதிரே பிடித்து, பூச்சு குறைவாக உள்ள அடிப்பாகத்தின் வழியே பார்த்தால் இந்நிறம் தெரியும்.

• மேரிகோல்டு: நிறமற்ற கண்ணாடியின் மேல் ஆரஞ்சு சாயலுள்ள பொன்னிறப் பூச்சு. மிகப் பரவலாகக் கிடைப்பது.
• ஊதா: மாங்கனீசு சேர்ப்பதால் உண்டாவது.
• நீலம்: கோபால்ட்டு சேர்ப்பதால் உண்டாவது.
• சிவப்பு: அரியது. ஃபென்டன் நிறுவனம் 1920களில் தயாரித்தது. இந்நிறம் முழுமையாக வெளிப்படக் கண்ணாடியை மீண்டும் சூடேற்ற வேண்டும். சூடு போதாத பகுதிகள் மஞ்சளாகவே நின்றுவிடும்.

ஒரே வேலைப்பாடுடைய கிண்ணம் மேரிகோல்டில் எளிதாகவும், சிவப்பில் மிக உயர்ந்த விலைக்கும் கிடைப்பது இதனாலேயே.

அடையாளம் காணல்

பழைய கிண்ணங்கள் பலவற்றில் நிறுவனக் குறி இல்லை. நார்த்வுட் நிறுவனம் வட்டத்தினுள் அடிக்கோடிட்ட 'என்' எழுத்தைப் பல பொருட்களில் பொறித்தது. குறியில்லாதவற்றை வேலைப்பாட்டைக் கொண்டே அறிய வேண்டும். 'மயிலும் கலயமும்' என்னும் வேலைப்பாட்டை ஃபென்டன், நார்த்வுட், மில்லர்ஸ்பர்க் ஆகிய மூன்று நிறுவனங்களும் செய்தன. கலயத்தின் மீதுள்ள முத்துவரிசை போன்ற நுண்கூறுகளே இவற்றை வேறுபடுத்துகின்றன.

1960களில் இம்பீரியல் நிறுவனமும், 1970 முதல் ஃபென்டன் நிறுவனமும் கார்னிவல் கண்ணாடியை மீண்டும் தயாரித்தன. ஃபென்டனின் புதிய பொருட்களில் நீள்வட்டத்தினுள் நிறுவனப் பெயர் இருக்கும். 1970க்கு முந்தையவற்றில் அது இராது. நார்த்வுட் குறியை ஒத்த குறியுடன் பிற்காலத்தில் செய்யப்பட்ட பொருட்களும் சந்தையில் உள்ளன. எனவே குறியை மட்டும் நம்பாமல் வேலைப்பாடு, நிறம், விளிம்பு ஆகியவற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றியமையாதது.

பராமரிப்பு

ஒளிரும் படலம் மிக மெல்லியது. சொரசொரப்பான துடைப்பான்கள், காரமான தூள்கள், பாத்திரம் கழுவும் இயந்திரம் ஆகியவை அதனைத் தேய்த்துவிடக்கூடும். தேய்ந்த படலத்தை மூலத் தோற்றத்துக்கு மீட்பது அரிது. எனவே இளஞ்சூடான நீரில் மென்மையான சோப்பைக் கலந்து, துணியால் கழுவுவதே பாதுகாப்பானது.