ஐயனார் குதிரை இரவில் அசையுமா?

திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து நீங்கள் பள்ளிக்கு வருபவராயின், ஏரிக்கரையிலோ ஊர் எல்லையிலோ ஐயனார் குதிரையைப் பார்த்திருப்பீர்கள். பகலில் அதன் காலடியில் கோலி ஆடுவோம். இருட்டிய பிறகு அதே குதிரையைத் தனியே கடந்து போகச் சொன்னால்? நான் சிறுவனாக இருந்தபோது அந்த இடம் வந்ததும் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது பாட்டியின் கட்டளை. ஐயனாரும் கருப்பசாமியும் ஊர் எல்லையைக் காவல் சுற்றும் நேரம் அது. குதிரை அசையும், குளம்படி கேட்கும் என்பார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் ஒன்று. இக்குதிரைகள் அச்சுறுத்த வேண்டும் என்றே செய்யப்படுபவை. காவல்காரனின் குதிரை சாதுவாக இருந்தால் திருடன் பயப்படுவானா? புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளில் புரவி எடுப்பு என்று ஒரு விழா உண்டு. ஊரார் பிடிமண் கொடுக்க, வேளார் எனப்படும் குயவர் அதைப் பெற்றுக்கொண்டு களிமண்ணால் குதிரை செய்து சுடுவார். கண் திறப்பது கடைசியில்தான். அதுவரை அது மண். கண் திறந்த பின் ஐயனாரின் வாகனம்.

அந்தக் கண்ணைக் கூர்ந்து பாருங்கள். கருவிழியைச் சுற்றி வெள்ளை முழு வட்டமாகத் தெரியும். உயிருள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணில் வெள்ளை எளிதில் தெரியாது, மிரளும்போதுதான் வெளிப்படும். ஆகவே நம் குதிரை எப்போதும் மிரண்ட நிலையில், பாயும் தறுவாயில் நிற்கிறது. வேளார் விலங்கியல் படித்தவரல்லர். ஆனால் குதிரையைப் பார்த்தவர்.

அமெரிக்காவில் டென்வர் நகர விமான நிலையத்தின் அருகே 2008ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நீலக் குதிரை ஒன்று இருக்கிறது. உயரம் 32 அடி. புதுக்கோட்டை மாவட்டம் குளமங்கலத்தில் பாய்ந்து நிற்கும் ஐயனார் குதிரையும் ஏறத்தாழ அதே உயரந்தான். டென்வர் குதிரையின் கண்கள் இரவில் சிவப்பாக ஒளிரும். அதைச் செய்த சிற்பி லூயிஸ் ஹிமெனெஸ், 2006இல் சிலையின் ஒரு பகுதி மேலே விழுந்து இறந்துபோனார். உடனே அது சபிக்கப்பட்ட குதிரை என்று கதை கிளம்பிவிட்டது. உண்மையில் அந்தச் சிவப்புக் கண்கள், நியான் விளக்குப் பலகைகள் செய்த தம் தந்தையின் நினைவாக அவர் வைத்தவை! கதை கட்டுவதில் நாம் மட்டும் தனியாக இல்லை.

இனி, குதிரை அசைவதற்கு வருவோம். நம் விழித்திரையில் இருவகைச் செல்கள் உள்ளன. கூம்பு செல்கள் சுமார் 60 இலட்சம். இவை நல்ல வெளிச்சத்தில் நிறம் காண உதவுபவை. குச்சி செல்கள் சுமார் 12 கோடி. இவை மங்கலான ஒளியில் வேலை செய்பவை, ஆனால் நிறம் அறியாதவை. சிவப்பு ஒளி இவற்றுக்கு அநேகமாகத் தெரியவே தெரியாது. எனவே இருட்டில் குதிரையின் சிவப்புச் சேணமும் நாக்கும் முதலில் கறுத்து மறைந்துவிடும். வெள்ளை விழியும் பல்லும் மட்டும் அந்தரத்தில் நிற்பது போல் தெரியும்.

இன்னும் வேடிக்கை, விழித்திரையின் நட்ட நடுவில் குச்சி செல்களே இல்லை என்பது. ஒரு பொருளை நேராகப் பார்க்கும்போது அதன் பிம்பம் அங்கேதான் விழுகிறது. ஆகவே இருட்டில் குதிரையை உற்றுப் பார்த்தால் அது மங்கிப் போகும். பயந்து பார்வையைச் சற்றே விலக்கினால் பிம்பம் குச்சி செல்களின் மேல் விழும். குதிரை சட்டென்று எதிரே வந்து நிற்கும்! மீண்டும் உற்றுப் பார்த்தால் மீண்டும் மறையும். மறைவதும் தோன்றுவதுமான ஒன்று அசைந்ததாகத்தானே நமக்குப் படும்?

கார்த்திகை, மார்கழி மாதங்களில் நிலவில்லாத முன்னிரவில் இதைச் சோதித்துப் பாருங்கள். இருட்டில் அரைமணி நேரம் இருந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, கார்த்திகை விண்மீன் கூட்டத்தை நேராகப் பாருங்கள். பிறகு சற்று ஓரமாகப் பாருங்கள். ஓரப் பார்வையில் கூட்டம் பளிச்சென்று தெரியும். இடையில் கைப்பேசியைத் திறந்தால் பழகிய கண் கெட்டுவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். ஏரிக்கரையில் மின்விளக்கு வந்துவிட்ட ஊர்களில் குதிரை அசையாமல் நிற்பதற்கும் காரணம் இதுவே.

குளம்படிச் சத்தம்? அது கண்ணின் வேலையன்று, காற்றின் வேலை. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரையை ஒட்டிய காற்று சூடாக இருப்பதால் ஒலி அங்கே விரைவாகச் செல்லும். விளைவு, ஒலி மேல்நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடுகிறது. மேகமற்ற, காற்றடிக்காத இரவில் தரை குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் அமையும். அப்போது ஒலி தரையை நோக்கி வளையும். ஒளி விலகலைப் படித்த உங்களுக்கு இது புதிதல்ல. இது ஒலி விலகல். வெகுதொலைவில் சாலையில் போகும் ஜட்கா வண்டிக் குதிரையின் லாடச் சத்தமோ மாட்டின் குளம்படியோ ஏரிக்கரை வரை வந்து சேரும். வண்டி கண்ணுக்குத் தெரியாது. எதிரே தெரிவதோ ஐயனார் குதிரை ஒன்றுதான். பாட்டியின் காலத்து மனிதர் வேறு என்ன முடிவுக்கு வந்திருக்க முடியும்?

இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கும் மாணவர்களிடம் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. அவர்கள் கண்டதும் கேட்டதும் மெய். காரணம் மட்டுமே வேறு.

ஜட்கா இன்று இல்லாவிட்டாலும் இரயில் இருக்கிறது. நிலையத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி உங்கள் வீடு இருந்தால், நண்பகலில் இரயிலின் ஊதல் எவ்வளவு கேட்கிறது, விடியற்காலை நான்கு மணிக்கு எவ்வளவு கேட்கிறது என்று ஒரு வாரம் குறித்து வாருங்கள். வானம் தெளிவா, மூட்டமா, காற்று எந்தப் பக்கம் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மேகமூட்டமான இரவுகளில் என்ன வேறுபாடு தெரிகிறது, ஏன் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.