பழைய கார் வாங்கப் போகிறீர்களா? தட்டிப் பார்த்து வாங்குங்கள்!

ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்குவதென்றால்கூட நாம் சும்மா வாங்குகிறோமா? தட்டிப் பார்க்கிறோம், அடியைத் திருப்பிப் பார்க்கிறோம், மூடி சரியாக உட்காருகிறதா என்று நாலு தடவை மூடிப் பார்க்கிறோம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் கவலைப்படுவதில்லை. ஆனால், லட்சக்கணக்கில் கொடுத்துப் பழைய கார் வாங்கும்போது மட்டும், "அதெல்லாம் அவர் பார்த்துப்பார், எனக்கென்ன தெரியும்?" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். அந்தப் பணத்தில் பாதி நம் சங்கிலியை அடகு வைத்து வந்ததாக இருக்கும்!

பெரம்பலூர், அரியலூர் பக்கம் கார் என்பது இன்று ஆடம்பரம் இல்லை. நடுராத்திரியில் மாமியாருக்கு நெஞ்சுவலி என்றால் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓட வேண்டியிருக்கிறது. புது வண்டிக்கு வசதி இல்லாதவர்கள் டிக்கி வைத்த சின்னக் காரைப் பழையதாகத் தேடுகிறார்கள். நீளம் நாலு மீட்டருக்குள் இருந்தால் வரி குறைவு என்று மத்திய அரசு 2006-ல் வைத்த விதியால் பெருகியவை இவை. 2012-ல் வாலைக் குறைத்துக்கொண்ட ஸ்விஃப்ட் டிசையர், 2013-ல் ஹோண்டா அமேஸ், 2014-ல் ஹூண்டாய் எக்ஸென்ட், 2017-ல் டாடா டிகோர் என்று வரிசையாக வந்தன. சந்துக்குள்ளும் திரும்பும், டிக்கியில் ஒரு வெங்காய மூட்டையும் ஏறும்!

பேச்சில் மயங்காதீர்கள்

"டாக்டரம்மா ஓட்டின வண்டிங்க. ஒரே கை. சிறுவாச்சூர் கோயிலுக்கும் வீட்டுக்கும்தான் போச்சு!" என்பார் விற்பவர். கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணை மட்டும் வண்டிமேல் வையுங்கள். மீட்டர் முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டுகிறது, ஆனால் பிரேக் மிதியின் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பளபளக்கிறதா? மீட்டரைத் திருப்பி வைத்திருக்கலாம். இந்த வகைக் கார்களில் வாடகைக்கு ஓடியவையும் நிறைய உண்டு. மஞ்சள் நம்பர் பலகை பிறகு வெள்ளையாக மாறியிருக்கிறதா என்று விசாரியுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் சர்வீஸ் நடந்தது என்பது தெரிந்துவிடும். விற்பவரையே கூட அழைத்துப் போங்கள்.

வெள்ளத்தில் குளித்த வண்டியா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் தண்ணீரில் நின்றன. கழுவித் துடைத்துச் சென்ட் அடித்துவிட்டால் வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. சென்னையிலிருந்து நெடுஞ்சாலையில் நேராக வந்தால் நம் ஊர்தானே! எனவே சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். தரை விரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஈர வாசனையைக் கண்டுபிடிக்க நம் மூக்குக்குச் சொல்லித்தர வேண்டுமா?

காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் அடியில் மோர் போல வெளுத்திருந்தாலும் சந்தேகம்தான். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் ஆபத்து. டிரைவர் பக்க ஏர்பேக் புதுக் கார்களில் கட்டாயமானது 2019 ஜூலையில்தான். அதற்கு முந்தைய வண்டி என்றால் ஏர்பேக் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கடைசியாக, நமக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி வீண் செலவு இல்லை.

பெயர் மாறினால்தான் வண்டி நம்முடையது

பெரம்பலூர் வண்டிக்கு 46, அரியலூர் வண்டிக்கு 61. ஆனால் எந்த எண்ணாக இருந்தாலும், ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் ஆர்.சி.யில் பைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்ததற்கான என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். பாக்கி அபராதங்களையும் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடலாம்.

"பெயர் மாத்துறதுக்கு என்ன அவசரம்?" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்துவிட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால், வண்டி நசுங்கினாலோ திருடு போனாலோ பணம் வாங்குவதற்குள் உயிர் போய்விடும்! 'நோ கிளெய்ம் போனஸ்' சலுகை பழைய சொந்தக்காரரோடு போய்விடும். நம் பிரீமியத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். திருமாந்துறை, சமயபுரம் டோல்கேட்டுகளைத் தாண்டும்போது விற்றவர் கணக்கில் பணம் போகாமல் இருக்க, ஃபாஸ்டாகையும் நம் பெயரில் புதிதாக வாங்க வேண்டும்.

நாம் விற்கும்போதும் இதே கவனம் வேண்டும். வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

வாங்கிய பிறகு பராமரிப்பு

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமென்ட் லாரிகளும் கிளப்பும் தூசி தெரிந்ததுதானே? அது முதலில் அடைப்பது ஏர் ஃபில்டரை. அரிசி சல்லடை அடைத்துக்கொண்டால் மாவு இறங்குமா? அதுபோலத்தான், மைலேஜ் குறையும், வண்டி திணறும். புத்தகத்தில் போட்டிருக்கும் கெடுவுக்கு முன்பே கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி.க்குள் இருக்கும் ஃபில்டரையும் மறக்காதீர்கள். குழந்தைகளின் தும்மலுக்கு அந்தத் தூசியும் காரணமாக இருக்கலாம். வண்டிமேல் படிந்த தூசியை உலர்ந்த துணியால் துடைத்தால் பெயின்ட் கீறிவிடும். முதலில் நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

மாதம் ஒருமுறை டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றாதீர்கள்; உள்ளே உப்பு படியும். இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021-ம் வருடம் 23-வது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வயதாகிவிட்டால் டயரைக் காட்டி யோசனை கேளுங்கள். காற்றை டயர் சூடேறாத காலை வேளையில் பிடியுங்கள். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் ஜன்னல்களைத் திறந்து வெப்பக் காற்றை வெளியேற்றிவிட்டு ஏ.சி. போடுங்கள். 'அஞ்சே நிமிஷம்தான்' என்று குழந்தையைப் பூட்டிய காரில் விட்டுப் போவது மட்டும் கூடவே கூடாது.

இன்னும் ஒன்று. பால் கணக்கு நோட்டுப் போலக் காருக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, கிலோமீட்டர், என்ன மாற்றினோம், எவ்வளவு ஆயிற்று என்று எழுதி, ரசீதுகளை அதிலேயே ஒட்டி வையுங்கள். மெக்கானிக் ஒரே சாமானுக்கு இரண்டு தடவை பணம் கேட்டால் அது காட்டிக்கொடுக்கும். நாளைக்கு விற்கும்போது, 'டாக்டரம்மா வண்டி' என்று கதை சொல்லாமலே நல்ல விலையும் வாங்கித் தரும்!