இடிந்த தூண்கள் சொல்லும் கணக்கு

எண்ணூருக்கு அருகே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம் என்ற மீனவக் கிராமம் இருக்கிறது. அங்கே கடற்கரையிலிருந்து நீருக்குள் நீளும் ஒரு பழைய பாலத்தின் சிதைவுகளைக் காணலாம். கான்கிரீட் தூண்களில் சில நிமிர்ந்தும் சில உடைந்தும் நிற்கின்றன. விடியற்காலையில் சென்றால், காமிராவும் முக்காலியுமாகச் சிலர் அங்கே காத்திருப்பதைப் பார்க்கலாம். கைவிடப்பட்ட கட்டடங்களைப் படம் எடுப்பது அவர்களுடைய பொழுதுபோக்கு. எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

ஒரு நாள் வலையைச் சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இத்தினி வருசமா வந்து படம் புடிக்கிறீங்களே சார், கடல் எவ்ளோ உள்ள வந்திருக்குன்னு அதுல தெரியுமா?"

வீட்டுக்கு வந்து பழைய படங்களை எல்லாம் எடுத்துப் பரப்பினேன். அழகான படங்கள்தாம். ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வோர் இடத்தில் நின்று, வேறு வேறு நேரத்தில் எடுத்திருந்தேன். பெரியவரின் கேள்விக்கு அவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை. பௌதிகம் கற்பிக்கும் எனக்கு இது வெட்கமாகத்தான் இருந்தது. பதில் சொல்லக்கூடிய படத்தை எப்படி எடுப்பது என்று பார்ப்போமா?

கடல் பனியாக மாறுவது எப்படி?

முதலில் அழகுக்காக எடுக்கும் படத்தைக் கவனிப்போம். இந்தத் தூண்களின் படங்கள் பலவற்றில் கடல் நீர் அலையே இல்லாமல் வெண்பனி படர்ந்ததுபோல் காணப்படும். இதில் மாயம் ஒன்றும் இல்லை. ஓர் அலை விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொள்வோம். காமிராவின் ஷட்டர் 1/500 விநாடி மட்டும் திறந்தால், அந்த நேரத்தில் அலை 1 சென்டிமீட்டர்தான் நகரும். எனவே படத்தில் அது உறைந்து நிற்கும். ஷட்டர் 2 விநாடி திறந்திருந்தால் அலை 10 மீட்டர் நகர்ந்துவிடும். நீரின் எல்லா நிலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து கலங்கிவிடுகின்றன. தூண்கள் அசைவதில்லை, ஆகவே அவை மட்டும் தெளிவாக இருக்கின்றன.

ஆனால் 2 விநாடி திறந்தால் வெளிச்சம் அதிகமாகிவிடாதா? ஆகும். அதனால் லென்ஸின் துளையைச் சுருக்க வேண்டும். எஃப்/8 என்ற துளையை எஃப்/16 ஆக மாற்றினால் துளையின் விட்டம் பாதியாகிறது. பரப்பு கால் பங்காகிறது. ஆகவே அதே அளவு ஒளி உள்ளே வர 4 மடங்கு நேரம் வேண்டும். அதுவும் போதாவிட்டால், ஒளியை மட்டுப்படுத்தும் சாம்பல் நிறக் கண்ணாடி ஒன்றை லென்ஸின் முன் பொருத்துவார்கள். விடியற்காலையின் மங்கல் ஒளியைப் படக்காரர்கள் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தூணைத் தின்பது யார்?

இப்போது தூணை உற்றுப் பாருங்கள். சில இடங்களில் மேற்பூச்சு பெயர்ந்து உள்ளிருக்கும் கம்பிகள் துருவேறித் தெரியும். அலையின் அடிதான் காரணம் என்று நினைப்போம். அதைவிடப் பெரிய காரணம் உப்பு.

நல்ல கான்கிரீட் காரத்தன்மை மிகுந்தது. அதனுள் இருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகி அதைக் காக்கிறது. கடல் நீரின் குளோரைடு அயனிகள் நுண்துளைகள் வழியே மெல்ல ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் இந்தக் கவசம் உடைகிறது. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகும். உள்ளிருந்து எழும் இந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிர்கிறது.

எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் பகுதியைவிட, அலை தெறித்து நனைந்து நனைந்து காயும் பகுதியே விரைவில் கெடுகிறது. துருப் பிடிக்க உப்பு, ஈரம், ஆக்சிஜன் மூன்றும் வேண்டும். மூன்றும் தாராளமாகக் கிடைப்பது அங்கேதான். ஊடுருவல் ஏறத்தாழ நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே முன்னேறும். அதாவது கம்பியின்மேல் உள்ள கான்கிரீட்டின் கனத்தை இரு மடங்காக்கினால், உப்பு உள்ளே செல்ல 4 மடங்கு காலம் ஆகும். கடலோரக் கட்டடங்களுக்குக் கனமான மேலுறை போடச் சொல்வது இதனால்தான்.

தூணே அளவுகோல்

இனிப் பெரியவரின் கேள்விக்கு வருவோம். இந்தக் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கின்றன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓட்டம் திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுந்தபோது, வடக்கே செல்லும் மணல் தடைப்பட்டது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம் முதலான கரைகளைக் கடல் அரித்தது. வடசென்னை மீனவர்களுக்கு இது பாடப்புத்தகச் செய்தியன்று. வீடும் படகும் இருக்கும் மண்ணைப் பற்றிய செய்தி.

மணல் இறங்கினாலும் ஏறினாலும் தூணின் உச்சி இடம் மாறாது. ஆகவே மணலில் நிற்கும் தூண், இயற்கையாக நட்டு வைத்த அளவுகோல் போன்றது. நண்பர் ஒருவரை, தூணுக்குப் பக்கவாட்டில் நன்கு விலகி, காமிராவிலிருந்து தூண் இருக்கும் அதே தொலைவில், ஒரு மீட்டர் கோலுடன் நிற்கச் சொல்லுங்கள். படத்தில் கோல் 20 மில்லிமீட்டரும், மணலுக்கு மேல் தெரியும் தூண் 48 மில்லிமீட்டரும் இருப்பதாகக் கொள்வோம். தூணின் உயரம் 48/20, அதாவது 2.4 மீட்டர். அடுத்த ஆண்டு அதே தூண் 54 மில்லிமீட்டராகத் தெரிந்தால் உயரம் 2.7 மீட்டர். தூண் வளர்ந்துவிடவில்லை, மணல் 30 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது!

இதற்குச் சில விதிகள் உண்டு. காமிராவை அண்ணாந்து பிடிக்காமல் மட்டமாகப் பிடிக்க வேண்டும். அண்ணாந்தால் தூண்கள் மேலே குவிவதுபோல் தெரியும், அளவு பிழையாகும். சூரியன் கடலில் உதிப்பதால், விடியலில் தூண்கள் கறுத்து நிழலுருவாகத் தெரியும். அளவெடுக்க மாலையே ஏற்றது. வெயில் நம் முதுகுப்புறம் இருக்கும். நீர்மட்டத்தையும் ஒப்பிட வேண்டுமானால் கடலின் ஏற்றவற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி, ஒரே மணியில், ஏற்றவற்றம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். எனவே ஆண்டுதோறும் மாசிப் பௌர்ணமியன்று மாலை 4 மணி என்று வைத்துக்கொள்ளலாம். மாதம் மாறாததால் பருவத்தின் வேறுபாடும் குறையும்.

ஒரே இடத்தில் நிற்பது எப்படி? மணலில் அடையாளம் நிலைக்காதே! இதற்கு வழி சொன்னவர் அந்தப் பெரியவர்தாம். நடுக்கடலில் மீன் கிடைத்த இடத்தை மறுபடி கண்டுபிடிக்க, கரையில் ஒரு கோபுரமும் அதன் பின்னே ஓர் உயர்ந்த மரமும் நேர்கோட்டில் வரும்படி பார்ப்பார்களாம். வேறு திசையில் இன்னொரு ஜோடியையும் அவ்வாறே பார்ப்பார்களாம். இரு கோடுகளும் வெட்டும் இடமே அந்த இடம். வடிவியல் பாடம் அல்லவா இது! நாமும் இரண்டு ஜோடி அடையாளங்களைத் தேர்ந்து குறித்து வைத்தால் போதும்.

பழைய படத்தின் பயன்

1858-ஆம் ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்பவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்குச் சென்று, சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைப் படம் எடுத்தார். பின்னர், 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் அது பழுதுபார்க்கப்பட்டது. அதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதை அந்தப் படங்கள் இன்றும் காட்டுகின்றன. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரையும் இன்று பலர் படம் எடுக்கிறார்கள். தேதியும் இடமும் குறித்திருந்தால் அவை ஒவ்வொன்றும் ஓர் ஆவணமாகும்.

உங்கள் ஊரிலும் ஒரு பாழடைந்த சாவடியோ, மண்டபமோ, ஆலையோ இருக்கலாம். செல்பேசியின் காமிராவே போதும். ஆனால் உள்ளே நுழையாதீர்கள். வெளியே, பொது இடத்தில் நின்றே எடுங்கள். துருவேறிய தூணுக்கும் தொங்கும் உத்திரத்துக்கும் அடியில் செல்லவே கூடாது. அவை எப்போது விழும் என்று எந்தச் சூத்திரமும் சொல்லாது. தனியாகவும் செல்லாதீர்கள். தேதி, மணி, நின்ற இடம், அடையாளங்கள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

நான் அப்படி எடுத்த முதல் படம் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. ஒரு படத்தைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. வரும் மாசிப் பௌர்ணமியில் இரண்டாவது படம் கிடைக்கும். அன்று பெரியவரிடம் ஓர் எண்ணையாவது சொல்ல வேண்டும்.